அடி உதை இல்லாத விசாரணை: பிரிட்டன் போலீசின் 'பீஸ்' முறை எந்த அளவுக்குத் தேறுகிறது?

சந்தேகத்தின் பேரில் பிடித்து வந்தவரை விசாரிக்க இன்று கிடைக்கும் பயிற்சி முறைகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் 'பீஸ்' (PEACE) என்பேன். மிரட்டல் இல்லை, பொய் இல்லை, ஆசை காட்டுவது இல்லை. அப்படியிருந்தும் தகவல் வருகிறது, வந்த தகவல் கோர்ட்டில் நிற்கிறது. ஒரே நிபந்தனை, இதை முழுசாக எடுக்க வேண்டும். 'மரியாதையாகப் பேசு' என்ற நடுப்பகுதியை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, திட்டமிடலையும் மதிப்பீட்டையும் ஒலிப்பதிவையும் வக்கீலையும் கழற்றி விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992இல் உருவாகி, 1993 முதல் போலீசாருக்கு ஒரு வார வகுப்பாகக் கற்றுத்தரப்பட்டது இது. பெயரில் உள்ள ஐந்து ஆங்கில எழுத்துகளும் ஐந்து கட்டங்களைக் குறிக்கின்றன: திட்டமிட்டுத் தயாராவது, ஆளோடு பேச்சைத் தொடங்கி நடைமுறையை விளக்குவது, அவர் சொல்வதை வாங்கித் தெளிவுபடுத்திக் கேள்விக்கு உட்படுத்துவது, முறையாக முடிப்பது, கிடைத்ததை எடைபோடுவது. அந்நாட்டுப் போலீஸ் கல்லூரி இதன் வழிகாட்டியைத் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இதே அடித்தளத்தில் 2021இல் வெளியான, விசாரணைக்கான சர்வதேச வழிகாட்டியான மென்டெஸ் கோட்பாடுகளும் இலவசம். சித்திரவதை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஹுவான் மென்டெஸ் 2016இல் விடுத்த கோரிக்கையிலிருந்து பிறந்தவை அவை. ஆக, படிப்பதற்குக் காசு வேண்டாம். நடைமுறைப்படுத்தத்தான் வேண்டும்.

இது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பகுதி ஏன் இருக்கிறது என்று புரியும். 1972இல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் மூன்று இளைஞர்கள் பொய்யான ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்கு கிளப்பிய விசாரணைகளின் முடிவில் வந்தது 1984ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். அதன் பிறகு விசாரணைகள் டேப்பில் பதிவாகத் தொடங்கின. அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியாட்கள் முதன்முறையாகக் கேட்க முடிந்தது. ஜான் பால்ட்வின் என்ற ஆய்வாளர் சுமார் 600 பதிவுகளை ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட முடிவு போலீசுக்குப் பெரிய தலைகுனிவு. கெட்டிக்கார அதிகாரிகள் நயமாகப் பேசி உண்மையை வரவழைக்கிறார்கள் என்ற நம்பிக்கை உடைந்தது. தயாரிப்பே இல்லாமல் உள்ளே போவது, குற்றவாளி இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது என்பவைதான் பரவலாகத் தெரிந்தன. மறுத்துக்கொண்டிருந்தவர் விசாரணையின் நடுவே மாறி ஒப்புக்கொண்டது மிக அபூர்வம்.

1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த கார்டிஃப் கொலை வழக்கின் டேப்புகள் இன்னும் மோசம். ஐந்து நாட்களில் ஏறத்தாழ 13 மணி நேரம் விசாரிக்கப்பட்ட ஒருவர், முந்நூறு தடவைக்கு மேல் 'நான் செய்யவில்லை' என்று மறுத்திருக்கிறார். அதன் பிறகும் கத்திக் கத்திக் கேட்டு ஒப்புதலை வாங்கினார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வக்கீலும் அறையில் உட்கார்ந்திருந்தார், குறுக்கிடவில்லை. உண்மையான கொலையாளி 2003இல் டி.என்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டான். 'கை வைக்காவிட்டால் போதும், அது மனித உரிமைக்கு உட்பட்ட விசாரணைதான்' என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

இனி கட்டங்களுக்கு வருவோம். முதல் கட்டமான தயாரிப்புதான் இந்த முறையின் உயிர். ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதச் சொல்கிறது: இந்தக் குற்றப்பிரிவின் கீழ் எதை எதை நிரூபிக்க வேண்டும், இதுவரை என்ன தெரியும், என்ன தெரியாது, கையில் உள்ள ஒவ்வொரு சான்றுக்கும் குற்றமில்லாத விளக்கம் என்னவாக இருக்கலாம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் விலை உயர்ந்தது. திருட்டு நடந்த வீட்டு ஜன்னலில் கைரேகை கிடைத்திருக்கிறது என்றால், பெயின்ட் வேலைக்கு வந்தாரா, அந்த வீட்டுக்காரரின் சொந்தக்காரரா, ஜன்னல் தெருவைப் பார்த்து இருப்பதால் போகிற போக்கில் கை வைத்தாரா என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றையும் சோதிக்கும் கேள்வியை எழுதி வைக்க வேண்டும். இப்படி எழுதுகிறவருக்கு 'இவன்தான்' என்ற பிடிவாதம் தானாகத் தளர்கிறது. குற்றம் செய்தவருக்கும் பின்னால் புதுக்கதை சொல்ல இடமில்லாமல் போகிறது.

ஆளைப் பற்றிய தயாரிப்பும் இதில் சேரும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், தூங்கினாரா, போதை தெளிந்துவிட்டதா, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த மொழியில் யோசிக்கிறார், வயது 18க்குக் கீழா, மனநலக் குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உண்டா. பிரிட்டனில் சிறுவர்களுக்கும் இப்படிப்பட்டவர்களுக்கும் துணையாகப் பெற்றோரோ, பொறுப்புள்ள வேறு பெரியவர் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். கேட்பவர் மனம் கோணாமல் 'ஆமாம்' போடும் வழக்கம் உள்ளவர்கள் உண்டு. அவர்களிடம் கேள்வியிலேயே பதில் இருந்தால், வருவது அவர்களுடைய வாக்குமூலமாக இருக்காது, கேட்டவருடையதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கட்டம் சில நிமிடங்களில் முடிவது, ஆனாலும் சடங்காக முடிக்கக் கூடாது. அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயர் சொல்ல வேண்டும். தேதி, நேரம் பதிவில் கேட்க வேண்டும். எதற்காகக் கைது, என்ன சந்தேகம், பேசாமல் இருக்க உரிமை உண்டு, இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதைச் சொல்ல வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்டுத் தலையாட்டலோடு விடாமல், 'நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்பதுதான் சரியான சோதனை. பிரிட்டனின் எச்சரிக்கை வாசகம் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சிக்கலாகிவிட்டது. இப்போது பேசாமல் இருந்துவிட்டு, பின்னால் கோர்ட்டில் புதிதாக ஒன்றைச் சொன்னால் அது உங்களுக்குப் பாதகமாகலாம் என்ற நடுப்பகுதி பலருக்குப் புரிவதில்லை. அந்த மாற்றம் தேவையற்றது என்பது என் கணிப்பு. மென்டெஸ் கோட்பாடுகள் இந்த விஷயத்தில் பிரிட்டனைவிடத் தெளிவு: மௌன உரிமையை மதிக்கச் சொல்கின்றன.

மூன்றாவது கட்டத்தில் கேள்விகளுக்கு வரிசை உண்டு. முதலில் திறந்த அழைப்பு. 'சனிக்கிழமை கடையை மூடியதிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வரை நடந்ததை எல்லாம் சொல்லுங்கள்.' அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். குறுக்கிடக் கூடாது. அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் சில விநாடி விட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் வருவது பெரும்பாலும் நல்ல தகவல். சொன்னதைத் தலைப்புகளாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போக வேண்டும்: 'பஸ் ஸ்டாண்டில் நின்றதாகச் சொன்னீர்கள், அதை விவரமாகச் சொல்லுங்கள்.' பிறகுதான் யார், எங்கே, எப்போது, எப்படி. ஆம் இல்லை என்று முடியும் கேள்விகள் கடைசியில். தலைப்பை மூடும் முன் அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும்.

எது கெடுக்கும் என்பதற்கு நம் காதில் விழுந்து பழகிய கேள்விகளே உதாரணம். 'நீதானே அன்னிக்கு அங்க நின்னே?' கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. 'கத்திய கொளத்துல போட்டியா, கெணத்துல போட்டியா?' கத்தி அவரிடம் இருந்தது என்பதையே இன்னும் யாரும் நிறுவவில்லை. 'எப்ப போனே, யாரோட போனே, எதுக்குப் போனே?' மூன்றில் எதற்குப் பதில் வந்தது என்று பின்னால் பதிவைக் கேட்பவருக்குத் தெரியாது. அதோடு 'டா' போட்டு விளிப்பது. எதிரில் இருப்பவர் 'நீங்க' என்று அழைக்கப்படும்போதுதான், தன் பேச்சு எடுபடும் என்று நம்பிப் பேசத் தொடங்குகிறார்.

சான்றை எப்போது காட்டுவது என்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். சிசிடிவி படத்தையும் செல்போன் டவர் விவரத்தையும் உள்ளே நுழைந்ததும் மேசையில் போட்டு 'இதுக்கு என்ன சொல்றே?' என்பது பழைய வழி. குற்றம் செய்தவர் அந்தப் படத்துக்குத் தகுந்தாற்போலக் கதையை வளைத்துக்கொள்வார். செய்யாதவரோ பயத்தில் உளறுவார், அல்லது போலீஸ் காட்டிய விவரங்களையே தன் நினைவு என்று எண்ணத் தொடங்குவார். சரியான வரிசை இது: முதலில் அவர் முழுக் கதையையும் சொல்லட்டும். பிறகு சான்று இருப்பதைச் சொல்லாமல், அதைச் சுற்றியுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துங்கள். போனை யாருக்காவது கொடுத்தீர்களா, அன்று போன் உங்களிடமே இருந்ததா, அந்தத் தெருப் பக்கம் எப்போதாவது போவீர்களா. அதற்குப் பிறகு டவர் விவரத்தைக் காட்டி அமைதியாக விளக்கம் கேளுங்கள். ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி மாணவர்களை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், இந்த வரிசையைக் கற்றவர்கள் சுமார் 85 சதவீதம் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தார்கள். கற்காதவர்கள் 56 சதவீதம். அது ஒத்திகைத் திருட்டுதான், நிஜ வழக்கு இல்லை. ஆனாலும் வேறுபாடு பெரியது.

குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய சில விவரங்களை விசாரணை அதிகாரி வாய் திறந்து சொல்லவே கூடாது. பொய் ஒப்புதல்கள் நம்பும்படி இருப்பதற்கு முக்கியக் காரணமே, கேள்விகளின் வழியாக அந்த விவரங்கள் கசிந்துபோவதுதான். முழு விசாரணையும் பதிவாகியிருந்தால், ஒரு விவரத்தை முதலில் சொன்னது யார் என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கடைசி பத்து நிமிட ஒப்புதலை மட்டும் பதிவு செய்தால் அந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

முடிக்கும் கட்டம் எளிது: சுருக்கிச் சொல்வது, சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது உண்டா என்று கேட்பது, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வது, நேரத்தைக் குறிப்பது.

போட்டி முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ரீட் முறை, முகபாவத்தையும் உடல் அசைவையும் வைத்து ஒருவர் பொய் சொல்கிறாரா என்று முடிவு செய்துவிட்டு, பின் ஒன்பது படிகளில் ஒப்புதலை நோக்கித் தள்ளுவது. மறுக்க வாய் திறந்தால் தடுப்பது, 'நீ வேணும்னு செய்யல, சூழ்நிலை அப்படி' என்று குற்றத்தைச் சின்னதாக்கிக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். அடிப்படையே ஆட்டம் காண்கிறது. பல நூறு பரிசோதனைகளைத் தொகுத்து 2006இல் வந்த ஆய்வின்படி, மனிதர்கள் பார்த்தும் கேட்டும் பொய்யைக் கண்டுபிடிப்பது 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்று மேல். அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பொய்யாக ஒப்புக்கொண்டோ தனக்குப் பாதகமாகப் பேசியோ இருந்தார்கள். ரீட் முறையைப் பல்லாண்டுகள் கற்பித்துவந்த ஒரு பெரிய பயிற்சி நிறுவனமே 2017இல் அதைக் கைவிட்டது. நார்வே வேறு பாதையில் போனது. 1995இல் நடந்த கொலை ஒன்றில் பொய் ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்ட இளைஞர் 1998இல் விடுதலையானதும், அந்நாட்டுப் போலீஸ் பிரிட்டனிடமிருந்து கற்றுத் தனக்கென்று 'க்ரியேட்டிவ்' என்ற பயிற்சியை அமைத்துக்கொண்டது.

குறைகளும் உண்டு. 2001இல் பிரிட்டனிலேயே நடந்த மதிப்பீட்டில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. வகுப்பு முடிந்து ஸ்டேஷனுக்குத் திரும்பியவரின் பதிவுகளை மேலதிகாரி யாரும் உட்கார்ந்து கேட்காததுதான் பெரிய காரணம். ஐந்தாவது கட்டமான மதிப்பீடு தாளில் மட்டும் இருந்தது. நேரமும் எடுக்கும். பெரிய வழக்கில் தயாரிப்பு விசாரணையைவிட நீளமாக இருக்கும். கேள்விக்கு உட்படுத்தும் பகுதி அவசரத்தில் குற்றம்சாட்டும் பகுதியாக மாறிவிடுகிறது.

இன்னொன்று, இந்த முறை தனியாக நிற்காது. அங்கே காவலில் இருப்பவரின் பொறுப்பு விசாரணை அதிகாரியிடம் இல்லை, அவருக்குக் கட்டுப்படாத தனி அதிகாரியிடம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அதுவும் பொதுவாக இரவில். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட இடைவேளை, சாப்பாட்டுக்கு 45 நிமிடம். நிற்க வைத்து விசாரிக்கக் கூடாது. அடக்குமுறையால் வந்த ஒப்புதலைக் கோர்ட் தள்ளியே ஆக வேண்டும். இந்தச் சுவர்கள்தான் முறையைத் தாங்குகின்றன.

தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்கு இது பொருந்துமா? சட்டத்தைப் பார்த்தால், பிரிட்டனைவிட இங்கேதான் பொருத்தம் அதிகம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் இங்கே சாட்சியமே இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள் இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 23ஆம் பிரிவில் இருக்கின்றன. ஒப்புதலால் பயனில்லை என்றால் ஏன் அடிக்கிறார்கள்? 27ஆம் பிரிவின் வாசல் வழியாக வரும் ரெக்கவரிக்காக. நகையும் ஆயுதமும் எங்கே என்று சொல்ல வைத்து எடுத்தால், அந்தப் பகுதி மட்டும் கோர்ட்டில் செல்லும். தனிப்படையின் மீதுள்ள அழுத்தமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் குவிகிறது. சரிபார்க்கக்கூடிய தகவலைச் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட பீஸ் முறை, அந்தத் தேவைக்கு நேராகப் பதில் சொல்கிறது.

இடிப்பது சுற்றுச்சுவர்கள் இல்லாமைதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 38ஆம் பிரிவு விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை தருகிறது, ஆனால் விசாரணை முழுவதும் உடன் இருக்க இல்லை. காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு 1996இலேயே சொல்லிவிட்டது. எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு கூடிய கேமரா, 18 மாதப் பதிவு சேமிப்பு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. இடம் போதாமல் அழிந்தவை அல்ல அவை. கேமரா மாட்டியாயிற்றா என்று கேட்பதோடு நிறுத்தாமல், செட்டிங்கைத் திறந்து பார்க்க வேண்டியது இதனால்தான்.

இலங்கையில் நிலைமை வேறு. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரிடம், வெளி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், போலீஸ்காரரே மொழிபெயர்த்துச் சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. ஒப்புதலையே சட்டம் பரிசாகக் கொடுக்கும் இடத்தில் எந்தப் பயிற்சியும் ஓரளவுக்கு மேல் எடுபடாது. அங்கே முதல் வேலை அந்தப் பிரிவை நீக்குவது.

ஒரு மாவட்டம் இதைத் தொடங்குவதாக இருந்தால், வகுப்புக்கு ஆள் அனுப்புவதில் தொடங்க வேண்டாம். முதலில் ஓர் அறை: நான்கு நாற்காலி, கடிகாரம், தண்ணீர், எல்லோர் முகமும் தெரியும் ஒரு கேமரா, நல்ல மைக். சத்தம் போடும் பழைய மின்விசிறியை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவில் அதுதான் கேட்கும். இரண்டாவது, மேலே சொன்ன நான்கு தலைப்புகளோடு ஒரு தயாரிப்புத் தாள், கேஸ் டைரியோடு சேர்த்து வைக்க. வாக்குமூலத்தை ஒலி ஒளியில் பதிவு செய்ய பி.என்.எஸ்.எஸ். 180ஆம் பிரிவு இடம் தருகிறது, புது உத்தரவு தேவையில்லை. மூன்றாவதாக வகுப்பு. முடித்து வந்தவரின் முதல் பத்து விசாரணைப் பதிவுகளை, அந்த வழக்கில் தொடர்பில்லாத ஒரு டி.எஸ்.பி. முழுசாகக் கேட்டு, எந்தக் கேள்வியில் பதில் நுழைந்துவிட்டது, எங்கே குறுக்கிட்டார், எந்தச் சான்றைச் சீக்கிரம் காட்டினார் என்று எழுதித் தர வேண்டும். அந்த டி.எஸ்.பி.க்கு அதற்கான நேரத்தை எஸ்.பி. ஒதுக்கித் தராவிட்டால், வகுப்புக்குச் செலவழித்த பணம் வீண்.